தராசில் வைத்த வெட்ஜ்

நாற்பது வருடமாகக் கோல்ஃப் ஸ்டிக் பழுது பார்க்கிறேன். சைதாப்பேட்டையில் இருக்கும் என் பட்டறைக்கு வெட்ஜோடு வருகிறவர்கள் பெரும்பாலும் அதன் தலையைத்தான் காட்டுவார்கள். "கோடெல்லாம் தேஞ்சுபோச்சு பாருங்க", "லாஃப்ட்டை ரெண்டு டிகிரி சாய்ச்சுக் குடுங்க", "அடிப்பக்கம் தரையில பட்டு எகிறுது, கொஞ்சம் தேய்ச்சு விடுங்க". ஷாஃப்ட்டைத் தொட்டு ஒரு வார்த்தை சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். டிரைவர் வாங்கும்போது ஷாஃப்ட்டுக்காக மாதக்கணக்கில் யோசிக்கிற அதே ஆட்கள், வெட்ஜில் மட்டும் கடையில் எது மாட்டியிருந்ததோ அதை அப்படியே வாங்கி வந்துவிடுகிறார்கள். புட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரு ரவுண்டின் அடிகளில் பாதிக்கு மேல் நூறு கஜத்துக்குள்தான் விழுகின்றன. அந்த நூறு கஜத்தில் கைக்கும் தலைக்கும் நடுவே இருப்பது இந்தக் குழாய் ஒன்றுதான்.

நான் தொழிலுக்கு வந்தது 1980-களின் தொடக்கத்தில். அப்பா கிண்டி ரேஸ்கோர்ஸுக்குள் இருந்த ஜிம்கானா கிளப் மைதானத்தில் ஆட்டக்காரர்களின் பை தூக்கும் கேடி. அங்கே ஸ்டிக் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் என்னைச் சேர்த்துவிட்டார். நாங்கள் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவோம். சிறுவனாக இருந்தபோது ஹிக்கரி மரத் தண்டைச் சீவிய கை அவருடையது. அமெரிக்காவில் 1924-லும் பிரிட்டனில் 1929-லும் இரும்பு ஷாஃப்ட்டுக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன்னால் ஒவ்வொரு தண்டையும் கையில் எடுத்து, முழங்காலில் வைத்து வளைத்துப் பார்த்து, எடை தூக்கிப் பார்த்துத்தான் தலையில் பொருத்துவார்களாம். "இரும்பு வந்தப்புறம் ஸ்டிக்கரைப் படிக்கிறான், தண்டை யாரும் பாக்கறதில்லை" என்று வாத்தியார் வருத்தத்தோடு சொல்வார்.

அந்தக் காலத்தில் சென்னையில் புது ஷாஃப்ட் என்று ஒன்று கடையில் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து யாராவது வரும்போது கொண்டுவந்தால்தான் உண்டு. அதனால் தலை தேய்ந்த ஸ்டிக், செட்டிலிருந்து தனியாகிப்போன ஸ்டிக் எதையும் வாத்தியார் எறியமாட்டார். விட்டத்தில் கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார். யாருடைய சாண்ட் வெட்ஜின் ஷாஃப்ட்டாவது கோணிப்போனால், அண்ணாந்து பார்த்து எட்டாம் நம்பர் அயர்னை மட்டும் இறக்குவார்.

எனக்கு முதலில் இது புரியவில்லை. ஒரு நாள் நாலாம் நம்பர் ஷாஃப்ட் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. நீளமான குழாய், வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம், அதைப் போடலாமே என்று கேட்டேன். அவர் இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரும்பு ஷாஃப்ட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மூங்கில் கணு மாதிரி வட்டமாகப் படிகள் இருக்கும். மேலே அகலம், படிப்படியாகக் கீழே ஒல்லி. நாலாம் நம்பரில் முனையிலிருந்து முதல் படி வரை நீளம் அதிகம். எட்டில் குறைவு. வெட்ஜுக்கென்றே வந்த ஷாஃப்ட்டில் இன்னும் குறைவு. "ஒல்லியான பாகம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நெளியும். வெட்ஜுக்கு நாலைப் போட்டா பச்சைக் குச்சி. எட்டைப் போட்டா, அரை அடி அடிக்கறப்ப கை தலையைத் தேடிக்கிட்டே இருக்க வேண்டாம், தலை தானா கையில வந்து நிக்கும்" என்றார்.

இருபது வருடம் கழித்துத்தான், வெளிநாட்டு டூர் ஆட்டக்காரர்கள் பலர் தங்கள் சாண்ட் வெட்ஜில் எட்டாம் அயர்ன் ஷாஃப்ட்டைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். அதற்கு சாஃப்ட் ஸ்டெப்பிங் என்று பெயரும் இருந்தது. பொருள் கிடைக்காத ஊரில் வாத்தியார் கை பார்த்துச் செய்ததை, எல்லாம் கிடைக்கும் ஊரில் வேண்டுமென்றே செய்துகொண்டிருந்தார்கள்.

என் இரண்டாவது பாடசாலை கேடிகளின் சாயங்கால ஆட்டம். மெம்பர்கள் போன பிறகு கேடிகளுக்கு விளையாட அனுமதி உள்ள நாட்களில், முழு செட் யாரிடமும் இருக்காது. ஆளுக்கு ஒன்றோ இரண்டோ ஸ்டிக். அதில் ஒரு அண்ணன் பழைய சாண்ட் வெட்ஜ் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்பது குழியும் ஆடுவார். நூறு கஜம், அறுபது கஜம், பங்கரிலிருந்து, மரத்துக்கு அடியிலிருந்து, புட்கூட அதன் விளிம்பால்தான். கேடியாக வளர்ந்தவர்களின் கை எப்படிப்பட்டது என்பதற்கு நாட்டிலேயே சாட்சிகள் உண்டு. டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த சி. முனியப்பா 2009-ல் அதையே வென்றார்.

அந்த அண்ணனின் வெட்ஜை ஒரு முறை கிரிப் மாற்ற வாங்கினேன். தூக்கியதும் மணிக்கட்டு இறங்கியது. அவ்வளவு கனம். "இது கனமா இல்லையாண்ணே?" என்றேன். "கனமா இருக்கறதாலதான்டா தலை எங்க இருக்குன்னு தெரியுது. முழுசா வீசறப்ப உடம்பு வீசுது. பாதி வீசறப்ப கைதான் வீசுது. கைக்கு ஏதாவது தெரியணும் இல்ல?"

வெட்ஜ் ஷாஃப்ட் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. வெட்ஜ் அடிகளில் பெரும்பாலானவை பாதி அடி, முக்கால் அடி. அதில் ஷாஃப்ட் வளைவது கொஞ்சம்தான். கைக்குத் தெரிவது எடை. ஆகவே எடைதான் முதலில். வளைவு அதற்குப் பிறகு. சாண்ட் வெட்ஜ் பிறந்ததே கனத்தில்தான். ஜீன் சராசென் என்ற ஆட்டக்காரர் தன் ஸ்டிக்கின் அடியில் உலோகத்தை உருக்கிச் சேர்த்துக் கனமாக்கிக்கொண்டு போய் 1932-ல் இங்கிலாந்தின் பிரின்சஸ் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார்.

1998 வாக்கில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியக் கார் தொழிற்சாலை வந்தது. பின்னாலேயே ஜப்பான் கம்பெனிகளும் பெருகின. அந்த அதிகாரிகள் வந்ததும் சென்னை மைதானங்களின் முகமே மாறியது. விடியற்காலையில் நந்தனம் மைதானத்தில் கொரிய மொழியும் ஜப்பான் மொழியும் கேட்கும். அவர்கள் பையில் இருந்த அயர்ன்களைத் தூக்கியபோது எனக்கு ஆச்சரியம். இரும்புதான், ஆனால் காற்று மாதிரி இருந்தது. ஜப்பானில் 1999-ல் வந்த நிப்பான் என்.எஸ். புரோ 950 ஷாஃப்ட் அது. நூறு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அதுவரை எங்களுக்கு இரும்பு ஷாஃப்ட் என்றால் ட்ரூ டெம்பரின் டைனமிக் கோல்ட்தான், 130 கிராம் பக்கம்.

நம் மெம்பர்களும் அவர்களைப் பார்த்து லேசான அயர்ன் வாங்க ஆரம்பித்தார்கள். ஐம்பது அறுபது வயதுக்காரர்களுக்கு அது நல்லதே. பந்து மேலே எழும்பியது, தோள்வலி குறைந்தது. ஆனால் ஆறு மாதத்துக்குள் ஒருவர் பின் ஒருவராக என்னிடம் வெட்ஜைக் கொண்டுவந்தார்கள். எல்லோருக்கும் ஒரே குறை. ஒன்பதாம் நம்பர் வரை நன்றாக இருக்கிறது, சாண்ட் வெட்ஜை எடுத்தால் பந்துக்கு முன்பே மண் கிளம்புகிறது.

அவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. "தலையில ஏதோ கோளாறு, லாஃப்ட் பாருங்க" என்றார். பார்த்தேன், சரியாக இருந்தது. என்னிடம் அப்போது நல்ல தராசு இல்லை. பக்கத்துத் தெருவில் அடகுக்கடை ஒன்றில் எலக்ட்ரானிக் தராசு இருந்தது. அவருடைய ஒன்பதாம் நம்பரையும் சாண்ட் வெட்ஜையும் எடுத்துக்கொண்டு போனேன். நகை வைக்கும் தட்டின்மேல் ஸ்டிக்கைக் குறுக்கே படுக்க வைத்து, ஆடாமல் நிற்கும் இடம் தேடிப் பிடித்தேன். ஒன்பதாம் நம்பர் 425 கிராம். சாண்ட் வெட்ஜ் 470.

தலைகள் ஒவ்வொரு நம்பருக்கும் ஏழு கிராம் போல ஏறும். ஆகவே ஒன்பதிலிருந்து சாண்ட் வெட்ஜுக்குப் போகும்போது பதினைந்து, இருபது கிராம் கூடுவது முறை. இங்கே நாற்பத்தைந்து. மிச்சம் முழுக்க ஷாஃப்ட்டில் இருந்தது. லேசான அயர்னை வீசிப் பழகிய கைக்கு இந்த ஒரு ஸ்டிக் மட்டும் கீழே இழுத்தது. கை பிந்தியது, தலை முந்தியது, மண் கிளம்பியது. மனிதர் இரண்டு மாதம் கோச்சிடம் பணம் கட்டித் தன் ஸ்விங்கைத் திருத்திக்கொண்டிருந்தார். ஸ்விங்கில் குற்றமே இல்லை.

அதன் பிறகு நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். காரணம் கண்டுபிடித்த வேகத்தில் அவருடைய மூன்று வெட்ஜிலும் அதே லேசான ஷாஃப்ட்டை மாட்டிக் கொடுத்தேன். பிட்சிங் வெட்ஜ் அருமையாகப் போனது. சாண்ட் வெட்ஜில் முழு அடியும் சரியானது. ஆனால் பங்கரிலும், கிரீனுக்குப் பக்கத்தில் இருபது கஜ அடியிலும், கை துடிக்க ஆரம்பித்துவிட்டது. ஸ்டிக் லேசானதும் மணிக்கட்டு தானாக வேலை செய்யப் பார்க்கும். கேடி அண்ணன் சொன்னதை நான் மறந்துவிட்டேன். மறுபடி கழற்றி, 110 கிராம் அளவில் ஒரு ஷாஃப்ட்டை சாண்ட் வெட்ஜுக்கு மட்டும் தேடி மாட்டினேன். கூலி வாங்கவில்லை. அதுதான் கடைசி வரை அவர் பையில் இருந்தது.

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழக்கம் இது. பிட்சிங் வெட்ஜும் 50 டிகிரி வெட்ஜும் அயர்ன் குடும்பத்துப் பிள்ளைகள். அவற்றை ஆட்கள் முழுசாகத்தான் அடிக்கிறார்கள், ஆகவே அயர்னில் என்ன ஷாஃப்ட்டோ அதே. 54, 56, 60 டிகிரிகள் தனி. அவற்றுக்கு அயர்ன் ஷாஃப்ட்டைவிட ஐந்திலிருந்து பதினைந்து கிராம் வரை கூடுதல், விறைப்பில் ஒரு பொடி தளர்வு. 130 கிராம் டைனமிக் கோல்ட் அயர்ன் வைத்திருப்பவருக்கு அந்தக் கூடுதலும் தேவையில்லை, அதே போதும். இதற்கு விலக்கானவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அதிகம் பேரை இல்லை.

ஷாஃப்ட் மேல் ஒட்டியிருக்கும் எழுத்து பற்றி ஒரு விஷயம். ஆர், எஸ், எக்ஸ் என்று போட்டிருப்பதற்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவு கிடையாது. ஒருவருடைய எஸ் இன்னொருவருடைய ஆர். அதிர்வு எண்ணும் மிஷின் வாங்கிய வருடம் இதை நேரில் பார்த்தேன். ஷாஃப்ட்டின் கிரிப் பக்கத்தை இறுக்கிக் கவ்வவைத்து, முனையைச் சுண்டிவிட்டால் நிமிடத்துக்கு எத்தனை முறை ஆடுகிறது என்று காட்டும். இந்த வழியில் ஷாஃப்ட்டுகளைப் பொருத்தும் முறையைக் கொண்டுவந்தவர் ஜோ பிராலி என்ற அமெரிக்கர். இன்று டூரில் பலர் வைத்திருக்கும் கே.பி.எஸ். ஷாஃப்ட்டுகளை வடிவமைத்த கிம் பிராலி அவருடைய மகன். பட்டறையில் இருந்த எஸ் எழுத்து ஷாஃப்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சுண்டிச் சுண்டிப் பார்த்தேன். ஒரே எழுத்து போட்டவை நோட்டில் மேலும் கீழுமாகச் சிதறி நின்றன. அன்றிலிருந்து யாராவது "எனக்கு எஸ் போடுங்க" என்றால் எந்த எஸ் என்று கேட்காமல் விடுவதில்லை.

டைனமிக் கோல்ட்டில் எஸ்200, எஸ்300, எஸ்400 என்று வரும். பலர் எண் ஏற ஏற விறைப்பு ஏறும் என்று நினைக்கிறார்கள். ஏறுவது எடை, அதுவும் ஓரிரு கிராம்தான். புது வெட்ஜ்களில் வெட்ஜ் ஃப்ளெக்ஸ் என்று ஒட்டி வருவதும் தனி உலோகம் ஒன்றுமில்லை, எஸ்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் கனமான ஷாஃப்ட்தான். கனமான அயர்ன் வைத்திருப்பவருக்கு அது சரியாகப் பொருந்தும். லேசான அயர்ன்காரருக்கு அது அந்த 470 கிராம் கதை.

எஸ்400 என்றதும் ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். பதினைந்து வயது, ஜூனியர் ஆட்டங்களில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தான். அப்பாவோடு வந்தான். "மாஸ்டர், மூணு வெட்ஜிலயும் எஸ்400 போடணும். டைகர் அதான் போடறாரு" என்றான். அவன் சொன்னது உண்மை. டைகர் வுட்ஸ் வருடக்கணக்கில் அயர்னில் எக்ஸ்100, வெட்ஜில் எஸ்400 வைத்து ஆடியவர். பையனின் அயர்னில் இருந்தது 105 கிராம் ஆர்.

நான் அவனை மறுத்துப் பேசவில்லை. ஒரு 56 டிகிரியில் எஸ்400 மாட்டினேன், அதே தலை உள்ள இன்னொன்றில் 115 கிராம் ஷாஃப்ட். இரண்டையும் எடுத்துக்கொண்டு மூவரும் ரேஞ்சுக்குப் போனோம். ஒரு கூடைப் பந்து. எஸ்400-ல் முதல் இருபது பந்து அழகாகப் போயின. அவன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை, அடிக்கச் சொன்னேன். முப்பதுக்கு மேல் பந்து வலப்பக்கம் நகர ஆரம்பித்தது. நாற்பதாவது பந்தில் மண் முதலில் கிளம்பியது. இளைப்பாறவிட்டு மற்றதைக் கொடுத்தேன். கடைசிப் பந்து வரை ஒரே வரி.

"டைகர் அயர்ன்ல எக்ஸ் வெச்சிருக்காரு, வெட்ஜுல எஸ். அதாவது அவரு அயர்னை விட வெட்ஜ் கொஞ்சம் தளர்வு, எடை ஒரு பொடி ஜாஸ்தி. அவரோட நம்பரை எடுத்துக்காதே தம்பி. ரெண்டுக்கும் நடுவுல அவர் வெச்சிருக்கற தூரத்தை எடுத்துக்கோ" என்றேன். பையன் கொஞ்ச நேரம் இரண்டு ஸ்டிக்கையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தான். பிறகு 115-ஐ அப்பாவிடம் நீட்டினான். தோளும் முதுகும் வளர்ந்த பிறகு, நான்கு வருடம் கழித்து, அயர்னையும் வெட்ஜையும் சேர்த்தே ஒரு படி ஏற்றிக் கொடுத்தேன்.

வெட்ஜில் கிராஃபைட் போடுவதைப் பற்றி ஆண்கள் நடுவே ஒரு இளக்காரம் உண்டு. அது தேவையில்லாதது. விரல் மூட்டுகளில் வாதம் வந்த ஒரு அம்மா, எழுபதை நெருங்கியவர், என்னிடம் வந்தார். அவருடைய அயர்ன்களில் அறுபது கிராம் கிராஃபைட். பங்கரிலிருந்து பந்து வரவில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரும்பு ஷாஃப்ட் போட்ட சாண்ட் வெட்ஜ் வாங்கியிருந்தார். பந்து வந்தது. மூன்று அடிக்குப் பிறகு விரலை மடக்க முடியவில்லை. "எனக்கு பங்கர்லேர்ந்து வெளியே வரணும், கை வலிக்கக் கூடாது, ரெண்டும் வேணும்பா" என்றார். 85 கிராமில் ஒரு கிராஃபைட்டைத் தேடி எடுத்து, முனைக்குள் நாலு கிராம் பித்தளை எடை வைத்து, தலைப் பக்கம் கனம் தெரிகிற மாதிரி கட்டிக் கொடுத்தேன். தலையில் இரண்டு கிராம் கூட்டினால், வீசும்போது தெரியும் தலைக் கனத்தின் அளவான ஸ்விங்வெயிட் ஒரு புள்ளி ஏறும்; நாலு கிராமில் இரண்டு புள்ளி. மணலை அறுக்க வேண்டியது தலை. கைக்கு வரும் அதிர்வை கிராஃபைட் விழுங்கிக்கொள்ளும். அவர் இன்னும் வாரம் இரண்டு நாள் ஆடுகிறார்.

2010-ல் வெட்ஜ் முகத்துக் கோடுகளுக்கு விதி மாறியது. கூர்மையான ஓரம் உள்ள பழைய கோடுகள் பெரிய போட்டிகளில் செல்லாது என்றானது. நீளப் புல்லிலிருந்து பந்து முன்போல் நிற்கவில்லை. அப்போது ஒரு கூட்டமே ஷாஃப்ட்டை மாற்ற வந்தது. அதிகச் சுழற்சி தரும் என்று விளம்பரம் செய்யப்பட்ட வெட்ஜ் ஷாஃப்ட்டுகள் அந்த வருடங்களில் நிறைய வந்தன. நான் மாட்டிக் கொடுத்தேன், ஆனால் ஒவ்வொருவரிடமும் முன்பே சொன்னேன்: பந்தைச் சுழலவைப்பது சுத்தமான கோடு, காய்ந்த முகம், நல்ல பந்து, நடுவில் படுகிற அடி. ஷாஃப்ட் அந்த அடி நடுவில் படுவதற்குத்தான் உதவும். நேராகச் சுழற்சியைக் கூட்டித் தருவது மிகக் கொஞ்சம். இன்றும் என் கருத்து அதுவே. புது ஷாஃப்ட்டுக்கு ஐந்தாயிரம் செலவழிக்கும் முன், இடுப்பில் ஒரு துண்டைச் சொருகிக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கோடுகளைத் துடைத்துப் பாருங்கள்.

ஊட்டிக்குப் போய்வந்து ஷாஃப்ட்டைக் குறை சொல்பவர்களும் உண்டு. அந்த மைதானம் கடல்மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிசு, பந்து கூடுதலாகப் போகும். அதற்கு ஷாஃப்ட் பொறுப்பில்லை. சென்னைக்கு இறங்கியதும் சரியாகிவிடும்.

சென்னைக்கென்று வேறு தொல்லை இருக்கிறது. கடற்காற்று. இரும்பு ஷாஃப்ட்டின் வெளியே குரோம் பளபளவென்று இருக்கும், உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். கிரிப்பின் மேல்முனையில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாக ஈரம் இறங்கும். மழைக்காலம் முடிந்ததும் கிரிப் மாற்ற வரும் ஸ்டிக்குகளில், கிரிப்பை உரித்ததும் ஷாஃப்ட்டைக் கவிழ்த்து வெள்ளைக் காகிதத்தின்மேல் தட்டுவேன். காபித்தூள் மாதிரி கொட்டும். சில வெட்ஜ்களில் ஒரு தேக்கரண்டி வரும். பங்கர் மணலில் ஊன்றி வைப்பதும், ஈரத் துணியோடு பையில் சொருகுவதும் வெட்ஜுக்குத்தான் அதிகம் நடக்கிறது. காகிதத்தில் கொட்டியது செதில் செதிலாக இருந்தால், ஷாஃப்ட் எவ்வளவு பிடித்தமானதாக இருந்தாலும் மாற்றச் சொல்லிவிடுவேன். முறிந்தால், ஷாஃப்ட் தலைக்குள் நுழையும் ஹோசலுக்கு மேலே, கூர்மையாக முறியும்.

ஒட்டும் வேலையில் எனக்கு நடந்த ஒன்றை இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். அது ஒரு நவம்பர் மாதம், நாலு நாளாக மழை. மறுநாள் காலை போட்டி என்று ஒருவர் லாப் வெட்ஜுக்கு ஷாஃப்ட் மாற்றக் கேட்டார். பழையதைக் கழற்றி, ஹோசலுக்குள் இருந்த பழைய பசையைச் சுரண்டி, புது முனையின் குரோமை உப்புத்தாளால் தேய்த்து, எபாக்ஸி கலந்து மாட்டினேன். அந்தப் பசைக்கு இருபத்து நாலு மணி நேரம் வேண்டும். வெயில் காலத்தில் சென்னையில் அதற்கு முன்பே இறுகிவிடும். அந்தத் தைரியத்தில் இரவே கொடுத்தனுப்பினேன். மறுநாள் ஏழாவது குழியில், பங்கரிலிருந்து அடித்தபோது தலை கழன்று பறந்தது. பக்கத்தில் பதினாறு வயதுக் கேடிப் பையன் நின்றுகொண்டிருந்தான். அவன் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி மணலில் புதைந்தது. அந்தப் பையனின் வீட்டுக்கு அன்று மாலையே போய் அவன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். நானும் ஒரு கேடியின் மகன். அதற்குப் பிறகு, எந்தப் போட்டியாக இருந்தாலும், எவ்வளவு பெரிய ஆள் கேட்டாலும், இருபத்து நாலு மணி நேரத்துக்கு முன்னால் ஒரு ஸ்டிக்கும் என் பட்டறையை விட்டு வெளியே போனதில்லை. சுவரில் சிவப்பு பெயிண்ட்டில் எழுதியே வைத்திருக்கிறேன்.

முனை அளவும் கவனிக்க வேண்டியது. ஷாஃப்ட் முனை 0.355 அங்குலத்தில் கூம்பாக வரும், 0.370 அங்குலத்தில் நேராகவும் வரும். வெட்ஜ் தலைகள் பெரும்பாலும் கூம்பு வகைக்குத் துளைத்தவை. நேர்முனை ஷாஃப்ட்டைச் சீவிச் சீவி உள்ளே திணித்துக் கொண்டுவந்த வேலைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சுவர் மெலிந்து ஒரு நாள் பிளக்கும். இணையத்தில் சல்லிசாகக் கிடைத்தது என்று ஷாஃப்ட் வாங்கி வருகிறவர்கள் முதலில் இந்த எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்.

இப்போது நகரத்தில் ரேடார் மிஷின் வைத்து ஷாஃப்ட் தேர்ந்துகொடுக்கும் இடங்கள் வந்துவிட்டன. நல்ல விஷயம்தான். டிரைவருக்கும் அயர்னுக்கும் அந்த எண்களை நானும் நம்புகிறேன். வெட்ஜுக்கு மட்டும் ஒரு தயக்கம். பாய்மேல் அடிக்கும்போது பந்துக்கு ஓர் அங்குலம் பின்னால் பட்டாலும் தலை வழுக்கிப்போய்ப் பந்தை எடுத்துவிடும்; திரை நல்ல எண்ணைக் காட்டும். அதே அடி புல்லில் அடித்தால் பந்து போய்ச் சேராது. வெட்ஜ் ஷாஃப்ட்டின் தவறு முழுக்க அந்த ஓர் அங்குலத்தில்தான் இருக்கிறது. ஆகவே நான் ஆளை மைதானத்துக்குக் கூட்டிப்போகிறேன். எண்பது கஜத்திலிருந்து பத்துப் பந்து, நாற்பதிலிருந்து பத்து, பங்கரில் பத்து. பந்து எங்கே போனது என்று அவர் பார்க்கட்டும். நான் புல் எங்கே வெட்டுப்பட்டிருக்கிறது என்று குனிந்து பார்ப்பேன். வெட்டுகள் பந்து இருந்த இடத்துக்கு அப்பால் வரிசையாக விழுந்திருந்தால் ஷாஃப்ட்டைத் தொடமாட்டேன், கூலி வாங்காமல் அனுப்பிவிடுவேன். பின்னால் விழுந்திருந்தால் முதலில் எடையைக் குறைத்துப் பார்ப்பேன். வெட்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் சிதறியிருந்தால், பெரும்பாலும் ஸ்டிக் அவர் கைக்கு மிக லேசு.

அடகுக்கடைத் தராசு இப்போது தேவையில்லை. சமையலறைக்கு வாங்குகிற ஐந்நூறு ரூபாய்த் தராசே போதும், உங்கள் வீட்டிலும் இருக்கும். இன்று இரவு உங்கள் பையிலிருந்து ஒன்பதாம் அயர்னையும் சாண்ட் வெட்ஜையும் எடுத்து ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் முப்பத்தைந்து கிராமுக்கு மேல் இருந்தால், ஸ்விங்கை மாற்றும் முன் ஷாஃப்ட்டைப் பாருங்கள். புது வெட்ஜ் வாங்கக் கடைக்குப் போகும்போது அந்த ஒன்பதாம் அயர்னையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.